ஃப்ரிட்ஜில் ஒரு ஜாம் பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் கொண்டைக்கடலை வேகவைத்தேன். இந்த வீட்டில் ஹம்மஸ் துவையலுக்குக் கடலை வேகவைப்பது என் இலாகா. விரலால் தொட்டால் நசுங்க வேண்டும், தொடாதபோது முழுசாகத் தெரிய வேண்டும். கப்பலில் நாலு வருடம் சமையலறையைக் கட்டி ஆண்டவனுக்குத்தான் இந்தப் பக்குவம் வரும். அக்காவைக் கேட்டால், “இவனா? ஸ்டோர் ரூமில் உருளைக்கிழங்கு மூட்டைக்குக் காவல் இருந்தவன்” என்பாள். மூட்டை இல்லாமல் சமையல் எங்கிருந்து வரும்?

வடிகட்டும்போது அக்காவின் மருமகள் இன்றைக்கும் ஓடி வந்தாள். “மாமா, அந்தத் தண்ணிய கொட்டாதீங்க, எனக்கு வேணும்.”

அதற்குள் கொட்டியாயிற்று. செடிக்கு ஊற்றக் கேட்கிறாள் போல. “வெந்த தண்ணியில சத்து இல்லம்மா. கப்பல் டாக்டரே சொல்லியிருக்கார்” என்றேன். ஏதோ சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் மூடிக்கொண்டாள்?

மார்ச் 5, வியாழன்

பல் வலி என்று சொல்லித் தெருமுனைப் பல் டாக்டரிடம் போயிருந்தேன். வலி கொஞ்சம்தான். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும், பேசவும் ஆள் இருக்கும்.

அவர் மகளுக்குப் பதினைந்தாம் தேதி பிறந்தநாளாம், ஆறு முடிகிறது. அந்தக் குழந்தைக்கு முட்டை ஆகாது. துளி பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்குமாம். எந்தக் கடைக்காரனும் உறுதி சொல்லாததால் பிறந்ததிலிருந்து கேக்கே வெட்டியதில்லை. “போன வருஷம் தர்பூசணி மேல மெழுகுவத்தி குத்தினோம் சார்” என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மருமகள் வீட்டிலேயே ஓவனில் செய்து கொடுப்பதையெல்லாம் எடுத்து விட்டேன். ஆலிவ் எண்ணெய் ரொட்டி, காளான் பாஸ்தா, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டி, கேக். “சுத்த சைவம் டாக்டர். முட்டை எங்க வாசப்படி மிதிச்சதில்ல. செய்முறை என்னோடது, கை மட்டும் மருமகளோடது. நான் பொறுப்பு.”

உடனே கேக்குக்குச் சொல்லிவிட்டார். மருமகளுக்கு இந்தக் கட்டடத்துக்கு வெளியிலிருந்து வரும் முதல் ஆர்டர். யாரால்?

செய்முறை என்னுடையது என்றது ஒரு பேச்சுக்குத்தான். ஆனால் தட்டை ஓவனின் நடுவில் வை என்று சொன்னது நான்தானே.

மார்ச் 8, ஞாயிறு

மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே க்ரீம் அடிக்கும் பீட்டர் மெஷின் சத்தம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, தண்ணீர் குடிக்கப் போனவன் கண்ணில் பட்டது.

கிண்ணம் நிறைய வெள்ளை நுரை. பீட்டரைத் தூக்கினால் கொக்கு மூக்கு மாதிரி கூராக நிற்கிறது. கிண்ணத்தையே கவிழ்த்துப் பார்த்தாள். விழவில்லை!

முட்டை வெள்ளைக்கருவைத் தவிர எதுவும் அப்படி நிற்காது. எனக்குத் தெரியாதா? கப்பலில் ஏழு வருடம் பார்த்தவன். (டீக்கடை ஆம்லெட் வேறு கதை. அது வீட்டுக்கு வெளியே.)

சாயங்காலம் அந்த நுரையைச் சுட்டு, குட்டிக் குட்டிக் கூம்பாகக் கொண்டுவந்து கொடுத்தாள். ‘மெரிங்’ என்று பெயராம். நாக்கில் வைத்ததும் காணாமல் போகிறது. முட்டை வாடை துளியும் இல்லை. வெனிலாவை ஊற்றி அமுக்கியிருக்கிறாள், கெட்டிக்காரி. சோதனைக்காக இன்னும் கொஞ்சம் சாப்பிட்டேன். தட்டு காலி.

நேராகக் கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? என் செய்முறை என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. செய்முறைக்காரனே வந்து “இதுல என்னம்மா இருக்கு” என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா?

மார்ச் 9, திங்கள்

ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால், ஒரு பழைய ஜாம் பாட்டில். உள்ளே வெளிர் மஞ்சளாக ஏதோ கொழகொழவென்று. சாய்த்தால் சோம்பேறி மாதிரி நகர்கிறது.

மேலே காகிதம் ஒட்டியிருக்கிறது: “மாமா, தொட வேண்டாம்.”

வீட்டில் இத்தனை பேர் இருக்க என் பேரை மட்டும் எழுதுவானேன்?

மார்ச் 10, செவ்வாய்

வாசல் ரோஜாத் தொட்டியில் முட்டை ஓடு! கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இனி என்ன சொல்லப் போகிறாள், பார்ப்போம்.

மார்ச் 11, புதன்

மாடிவீட்டு டைலரம்மா படியில் நின்று கத்துகிறாள்: “என் ரோஜாவுக்கு உரமா போட்ட முட்டை ஓட்ட எவன்யா பொறுக்கினது?” நான் அறையை விட்டு வரவில்லை. ஓடு போனால் போகட்டும். பாட்டில் இருக்கிறதே!

மார்ச் 12, வியாழன்

காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளிடம் நயமாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“ஏம்மா, டாக்டர் வீட்டு கேக் மேல அந்த நுரைதானே போடப்போற?”

“ஆமா மாமா, சாக்லேட் கலந்து.”

“நம்ம முறைப்படிதானே?”

“உங்க முறைப்படிதான் மாமா” என்று சிரித்தாள். அக்கா மூக்கால் ஒரு சத்தம் விட்டாள்.

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? மாட்டினால் என்னைக் கோர்த்துவிடுவதா? முறை என்னுடையது, பழியும் என்னுடையதா? பழி கிடக்கட்டும். அந்தக் குழந்தை? ஆறு வயசு. உதடு வீங்கி, மூச்சு இழுத்து... நான் பொறுப்புன்னு சொல்லித் தொலைச்சேனே!

கால் நேராக டாக்டரின் கிளினிக்கில் போய் நின்றது. “கேக் வேண்டாம் டாக்டர். ஏன்னு கேக்காதீங்க. வேண்டாம், அவ்வளவுதான்.”

அவர் கையுறையைக் கழற்றி வைத்தார். “பாப்பா சுவத்துல கோடு போட்டு நாள எண்ணிட்டிருக்கா சார்” என்றார்.

மார்ச் 13, வெள்ளி

டாக்டரின் மனைவி போனில் ஆர்டரை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லையாம். மருமகள் போனைக் கீழே வைக்காமலே நின்றாள். பிறகு, வாங்கி வைத்திருந்த சாக்லேட்டை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“எவனோ வத்தி வச்சிருக்கான்” என்றாள் அக்கா. சொன்னது காற்றிடம், பார்த்தது என்னை.

நான் செய்தது சரிதான். குழந்தை உயிர் சம்பந்தப்பட்டது. மதியம் பாஸ்தாவில் உப்பே இல்லை. இருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 14, சனி

அக்காவும் மருமகளும் கடைக்குப் போனார்கள். பாட்டிலை எடுத்தேன். வெள்ளைக்கரு என்றால் சூடு பட்டதும் வெளுத்துக் கெட்டியாக வேண்டும். டீக்கடை மாஸ்டர் கல்லில் நான் பார்க்காததா? வாணலியில் பாட்டிலைக் கவிழ்த்து அடுப்பைப் பற்றவைத்தேன். ஆதாரத்தைத் தட்டில் போட்டு அக்கா முன்னால் வைக்க வேண்டும் என்று திட்டம்.

வெளுக்கவில்லை. கெட்டியாகவில்லை. தண்ணீராக இளகித் தளதளவென்று கொதித்தது. பிறகு ஒரு வாசனை. எனக்கு ரொம்பத் தெரிந்த வாசனை. தினமும் காலையில் என் மூக்கில் ஏறுகிற வாசனை.

கொண்டைக்கடலை.

நான் சாக்கடையில் கொட்டுகிற தண்ணீர்! அதைச் சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்திருக்கிறாள்.

அடுப்பை அணைக்கத் தோன்றவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது வாணலியில் கொஞ்சம்தான் மிச்சம்.

“அந்தத் தண்ணிய குடுங்கன்னு அவ ஒரு மாசமா கேக்குறா, நீ கொட்டிட்டே இருக்க. தனியா வேகவச்சு எடுத்து வச்சா, அதையும் காலி பண்ணிட்டியா?” என்றாள் அக்கா. “டாக்டர் வீட்டுக்கும் நீதான் போனியாடா?”

தலையை ஆட்டினேன்.

மருமகள் வாணலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மாமா. நீங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசுவீங்க. சரி, தெரியும்போலன்னு விட்டுட்டேன்.” திட்டியிருந்தால் தேவலாம்.

செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். பத்துப் பேர் காத்திருந்தார்கள். சரி, மூன்று பேர். அவர்கள் எதிரிலேயே சொன்னேன். “செய்முறை என்னோடது இல்ல டாக்டர். அதுல என்ன இருக்குன்னே எனக்கு இன்னிக்குதான் தெரியும். கடலை வெந்த தண்ணி. முட்டை இல்ல.”

“அன்னிக்கு நான் பொறுப்புன்னீங்க. அப்புறம் வேண்டாம்னீங்க. இப்ப இப்படி. நான் எத நம்புறது சார்?”

“என்னை நம்ப வேண்டாம். வந்து பாருங்க. நான் கடலை வேகவைக்கிறேன், மருமக அடிக்கட்டும், நீங்க பக்கத்துல நில்லுங்க.”

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து கடலை ஊறப்போட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

டாக்டர் வரவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தர்பூசணியை வாங்கிக்கொண்டு போகிறார். பெரிய பழம்.

மார்ச் 17, செவ்வாய்

கதவைத் தட்டியது டாக்டரின் மனைவி. கையில் சொந்தக் கிண்ணம், சொந்தக் கரண்டி, சொந்த பீட்டர். எனக்கும் மேலான சந்தேகப் பேர்வழி. மனதுக்குள் ஒரு சபாஷ் போட்டேன்.

நான் வேகவைத்தேன். நல்ல பிள்ளையாகத் தண்ணீரை வடித்துக் கொடுத்தேன். மருமகள் சுண்டவைத்து, பனிக்கட்டித் தட்டில் ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து அடித்தாள். அந்தம்மா இமைக்காமல் நின்றாள். நுரை நின்றதும் தன் கையாலேயே கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். விழவில்லை.

“பாப்பா கேக் எங்கன்னு கேட்டுட்டே இருக்கா” என்றாள் மருமகளிடம். என்னிடம் பேசவில்லை. அது நியாயம்தான்.

மார்ச் 22, ஞாயிறு

டாக்டர் வீட்டில் ஒரு வாரம் தாமதமாகப் பிறந்தநாள். எங்களையும் மாடிவீட்டு டைலரம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தை முதல் துண்டை வாயில் வைத்ததும் டாக்டர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். உதட்டில் சாக்லேட் ஒட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை. இரண்டாவது துண்டு கேட்டாள்.

டைலரம்மா என் பக்கம் சாய்ந்து, “உங்க செய்முறையாமே?” என்றாள்.

“மருமகளோடது. நான் கடலைத் தண்ணி இலாகா.”

அக்கா திரும்பிப் பார்த்தாள். தன் கேக்கில் பாதியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

“ஆனா தண்ணி பக்குவமா வர்றது லேசு இல்லம்மா” என்று டைலரம்மாவிடம் தொடர்ந்தேன். “கப்பல்ல பன்னெண்டு வருஷம்...”

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஜாம் பாட்டில் முன்தட்டுக்கு வந்திருக்கிறது. புதுக் காகிதம்: “மாமா வேகவைத்தது.”

மூடினேன். சுற்றி யாரும் இல்லை. மறுபடி திறந்து இன்னொரு தடவை படித்தேன்.