உங்கள் விடை சரிதான்

என் அன்பானவரே,

உங்களிடம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் குடித்தனத்தில் நான் ஒருநாளும் செய்யாத காரியம். நாலு பேர் படிக்கட்டும் என்றே பத்திரிகையில் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தனபால் அவலூர்பேட்டை பஸ்ஸில் வந்து இறங்கினார். வேர்க்கடலை மண்டியில் உங்களோடு வேலை பார்த்தவர், உங்களோடு பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பித்தவர். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள். துக்கத்தில் அவரும் எழுதவில்லை. அடுத்த வாரம் எழுதப்போகிறார்; படிப்பது உங்கள் நோட்டில்தான்.

"அண்ணனைக் கேட்ட மாதிரியே கேளுங்க அண்ணி" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்தார்.

ரத்தசோகை எதனால் வருகிறது என்பதைச் சரியாகச் சொன்னார். பொருளியலில் வரத்தும் விலையும் பற்றிக் கேட்டேன். "வல்லத்து மல்லாட்டை மொத்தமா வந்து எறங்குனா வெலை படுத்துக்கும். இதுக்கு இன்னாத்துக்கு அண்ணி புக்கு?" நீங்களும் இதையேதான் சொன்னீர்கள், இல்லையா?

பிறகு உயிரியல். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு நல்ல ரத்தத்தைக் கொண்டுபோவது எது? "தமனி" என்றார். என் மடியில் திறந்திருந்த பாடநூலில் நுரையீரல் சிரை என்று இருந்தது.

உங்கள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். நீங்கள் 'சிரை' என்றுதான் எழுதியிருந்தீர்கள். அதை அடித்துவிட்டு நான் சிவப்பு மையில் 'தமனி' என்று போட்டிருக்கிறேன். கீழே உங்கள் கையெழுத்தில் பத்து முறை, நான் கொடுத்த தண்டனை. "நுரையீரலுக்கு மட்டும் மாறுதுன்னு போட்டிருக்குதே" என்று அன்று மெல்லச் சொன்னீர்கள். கான்வென்டில் படித்தவளுக்கே பாடமா என்று உங்கள் வாயை அடைத்தேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு மதிப்பெண்தானே, பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் இந்த மனிதர் என் சிவப்பு மையை நம்பித் தேர்வறைக்குள் போகப்போகிறாரே.

"தனபாலு, அவர் எழுதினதுதான் சரி. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "தெரியும் அண்ணி. 'அண்ணி கேட்டா தமனின்னு சொல்லு, பரிட்சையில சிரைன்னு எழுது. வூட்ல டீச்சர் மனசு நோவக் கூடாதுடா'ன்னு அண்ணன் அப்பவே சொல்லிச்சி."

இன்னும் எத்தனை விஷயங்களில் எனக்கு ஒரு விடையும் உங்களுக்கு ஒரு விடையுமாக வாழ்ந்தீர்கள்? ஒரு தடவையாவது என்னோடு சண்டை போட்டிருக்கக் கூடாதா?

அடுத்த கேள்வியைத் தனபாலே கேட்டார்: "மொத உலகப் போருல இத்தாலி எந்தப் பக்கம் அண்ணி?" நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "எனக்குத் தெரியலை, பார்க்கலாம்" என்றேன். இருவருமாகப் பக்கத்தைத் தேடினோம்.

இனி இந்த வீட்டில் யாரும் எனக்காகத் தவறான விடை சொல்ல வேண்டியிராது. இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் மனைவி,
ராஜேஸ்வரி
செஞ்சி