நீர்மாலை அன்று அழுதது

என் ராசுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாரியாத்தா புண்ணியத்தில் நீ அந்த வெயில் ஊரில் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கச்சி தனுஷிகாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை கூசுகிறது. போனில் சொன்னால் அழுகை முந்திக்கொள்ளும், அதனால்தான் கட்டாருக்குத் திரும்பும் சோலைமலையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், பிழை இருந்தால் பொறுத்துப் படி.

அப்பா போனதிலிருந்து தங்கச்சி வீட்டில் வாயே திறக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் மட்டும் சுலக்ஷனா, திலக்ஷன் என்று நாலைந்து பிள்ளைகளோடு சேர்ந்து கவிதை எழுதுகிறாளாம், இடைவேளைக்கு ஒருத்தர் எழுதியதை மற்றவர் மனப்பாடமாய்ச் சொல்லிக் காட்டுவார்களாம். தோட்டத்து லயத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள இப்போது கூச்சமில்லையாம், டவுன் பிள்ளைகளே வந்து இதுகளோடு உட்காருகிறார்களாம். ஒருநாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள், அதைப் பார்த்து எனக்கும் ஒரு வாய் சோறு இறங்கியது.

போன வெள்ளிக்கிழமை கவியரங்கு, தாய் தகப்பனையும் வரச் சொல்லியிருந்தார்கள், நானும் அரைநாள் கொழுந்தெடுத்து அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கிப் போனேன். தங்கச்சி மேடையேறிச் சொன்னது எதைத் தெரியுமா, அப்பாவைக் குளிப்பாட்ட மலைத்தண்ணி விழும் பீலியிலிருந்து நீர்மாலை எடுத்து வந்தார்களே, அன்றைக்கு நான் மாரடித்து அழுததை. "மழையில நனைஞ்சு வந்தவளுக்கு ஒருநாளும் சுடுதண்ணி வைக்காத மவராசா, ஒனக்கு இன்னைக்கு லயமே தண்ணி சுமக்குதே" என்று. ஒப்பாரியில் என்ன சொல்லி அழுதாலும் அது சுடுகாட்டோடு போய்விடும், எந்தப் பொம்பளையும் மறுநாள் எடுத்துப் பேசமாட்டாள், நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். அதை மைக்கில் கேட்டதும் செத்த மனுசனை நாலு பேர் குறை சொல்வார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. எழுந்து நின்று, "எறங்குடி கீழ, அப்பன ஏசிக் கைதட்டு வாங்குறியா" என்று கத்திவிட்டேன். பிள்ளை இறங்கி வந்தாள்.

அடுத்து சுலக்ஷனா ஏறினாள், தாய் குவைத்தில் இருக்கிற பிள்ளை. தன்னுடையதைச் சொல்லாமல் தங்கச்சி விட்ட இடத்திலிருந்து மனப்பாடமாய்த் தொடங்கினாள். "சுடுதண்ணி வேணாய்யா, நனைஞ்சு வாரப்போ வாசல்ல நின்னு ஏன்டி இம்புட்டு நேரம்னு நீ ஏசுனா போதுமே, இனி என்னைய ஏச யாரு இருக்கா." அதுவும் நான் அழுததுதான் ராசா, எனக்கே மறந்திருந்தது. முழுசும் சொல்லவிடாமல் நான்தான் தங்கச்சி வாயை அடைத்தேன். பக்கத்தில் இருந்த காளியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், ஒருத்தரும் அப்பாவைக் குறை சொல்லவில்லை, நான்தான் வீடு வந்து சேரும்வரை தலை நிமிரவில்லை.

அன்றிலிருந்து இவள் அந்தப் பிள்ளைகளோடு சேருவதில்லை. அவர்கள் லயத்துக்கே வந்து கூப்பிட்டார்கள், எனக்குக் கவிதையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். வருகிற வெள்ளி மறுபடி கூடுகிறார்களாம். நானும் வாரேன் பாப்பா, முதலிலிருந்து சொல்லு என்று கேட்க நினைக்கிறேன், அவள் முகத்தைப் பார்த்தால் பேச்சு வரமாட்டேன் என்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையில் துணி இல்லாமல் வெயிலில் நிற்காதே, தங்கச்சிக்குப் போனில் ஒரு கோல் எடுத்துப் பேசு, நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. அப்பாவும் மாரியாத்தாவும் உனக்குத் துணையாய் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த நாகலெட்சுமி

ராசா, நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் அவள் வாய் திறப்பாளா?