மலைக் கொப்பியில் விட்ட வரி

என் கள்ள மச்சாள் பவளத்துக்கு,

சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "செத்தவளிட்டைச் சுகம் கேக்கிற முதல் ஆள் நீதானடி கிளி" என்று சிரிப்பாய். உன் ஆண்டுத் திவசத்துக்கு அண்ணை ஒரு சின்னப் புத்தகம் அடிக்கிறார். அதில் போட என்னிடம் ஒரு கடிதம் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் கேட்கிறார், பார். அந்த ஐந்து வகுப்பையும் உன் கொப்பியைப் பார்த்து எழுதித்தான் கடந்தேன் என்பது உன் புருசனுக்கு இன்னும் தெரியாது.

பாரிசில் லாச்சப்பல் அப்படியே இருக்கிறது. மார்க்ஸ் டோர்மோய்த் தெருவில் அதே அறை, லிஃப்ட் இல்லாத அதே ஐந்து மாடி. சாப்பாட்டுக்கடையில் அதே வெங்காய மூட்டை. உரிக்கும்போது கண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. இந்த வருடம் அது எனக்கு வசதியாகப் போயிற்று.

செய்தி இதுதான்: நான் உங்கள் நோர்வேக்குப் போய்வந்தேன். ஆகஸ்டில். பிள்ளையார் தேரை விட்டுவிட்டு.

எத்தனை கோடை கூப்பிட்டாய்! ஆகஸ்டில் கடை மூன்று கிழமை பூட்டு என்று உனக்கும் தெரியும். ஆனாலும் நான் "தேர் வருது மச்சாள், பிள்ளையாரை விட்டிட்டு வரேலுமோ? வாற வருசம் பாப்பம்" என்பேன். கூட்டத்துக்குள் பிள்ளையார் என்னைத் தேடியிருப்பாரா? சோம்பல்தான். நீ எங்கே போய்விடப்போகிறாய் என்ற நினைப்புத்தான்.

நீயும் விட்டாயா? ஒவ்வொரு கோடையும் தொலைபேசியில் அதே சவடால். "இந்த முறையும் உச்சிக்கு ஏறிட்டன். அங்கை ஒரு இரும்புப் பெட்டிக்குள்ளை கொப்பி இருக்கு. ஏறின ஆக்கள் பேர் எழுதவேணும். என்ரை பேரை எழுதி, கீழை நீ எழுத ஒரு வரி விட்டிருக்கிறன். உந்த முழங்காலோடை நீ எங்கை ஏறப்போறாய்!" பிறகு படம் வரும். நீ ஒரு கல்லில் இருந்து இளித்துக்கொண்டிருப்பாய், பின்னால் எங்கேயோ கீழே தண்ணீர்.

அந்த வரியில் எழுதத்தான் போனேன். உன் கையெழுத்தை ஒருமுறை பார்க்கவேண்டும், அதற்குக் கீழே என் பெயர் இருக்கவேண்டும். வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அண்ணைதான் காரோட்டினார். நீ போன பிறகு அந்த மனிதர் கதைப்பதையே விட்டுவிட்டார். நான்கு மணித்தியாலமும் காருக்குள் என் வாய் மட்டும்தான். மலையைத் துளைத்த சுரங்கம் ஒன்று முடிய இன்னொன்று வந்தது. "றோட்டுப் போடச் சொன்னால் மெட்றோ கட்டியிருக்கிறாங்கள் அண்ணை" என்றேன். சிரிக்கவில்லை.

பிறகு நீ சொல்லுவாயே, ஃபியோர்ட், அது வந்தது. இரண்டு பக்கமும் வானத்தை முட்டும் மலை. நடுவில் கடல் உள்ளே நுழைந்து, வந்த வழி மறந்ததுபோல் அசையாமல் கிடந்தது. காரோடு படகுக்குள் ஏறி, மேல்தட்டில் போய் நின்றோம். மலை உச்சியிலிருந்து ஒரு அருவி சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. படகு கிட்டப் போன பிறகுதான் அதன் இரைச்சல் கேட்டது. ஐந்து நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. அண்ணை பயந்துபோனார்.

"என்ன பிள்ளை, தலை சுத்துதோ?"

அன்று அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அக்கரையில் காரை விட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம். கல்லுகளில் சிவப்பு மையால் வழி குறித்திருந்தார்கள். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவி தடியூன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். அதுவும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு! பாதி வழியில் ஒரு தட்டைக்கல் வந்தது. அண்ணை அதைக் கண்டதும் நின்றார்.

"இதிலை இருந்திட்டுத் திரும்புவமோ?"

"பாணும் சம்பலும் கட்டினது உச்சியிலை தின்ன. நடவுங்கோ" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

உச்சியில் பெட்டி இருந்தது. கொப்பி இருந்தது. அதிகம் பேர் ஏறாத மலை. நான்கு வருடப் பெயர்கள் அந்த ஒரே கொப்பியில். தமிழ் எழுத்தைத் தேடினேன். முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன், பிறகு கடைசியிலிருந்து பார்த்தேன்.

"அண்ணை, உவளின்ரை பேரைக் காணேல்லை."

"இராது."

"ஏன், ஆரும் கிழிச்சுப்போட்டாங்களோ?"

"அவள் இஞ்சை ஏறேல்லை பிள்ளை. ஒருநாளும் ஏறேல்லை. கொப்பி இருக்கெண்டு வேலையிடத்திலை ஆரோ சொன்னது. அந்தத் தட்டைக்கல்லோடை இருந்திடுவாள். 'கிளி வரட்டும், சேர்ந்து ஏறுவம்' எண்டுவாள்."

"அப்ப எனக்கு ஏன் பொய் சொன்னவள்?"

"ஏறிட்டன் எண்டு சொன்னால் வீம்புக்கெண்டாலும் நீ வருவாய் எண்டு."

நான் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டேன். நான் தேர் என்று பொய் சொன்னேன், நீ உச்சி என்று பொய் சொன்னாய். உன் பொய் என்னை வா என்றது. என்னுடையது உன்னிடம் என்ன சொல்லியிருக்கும், மச்சாள்?

அண்ணை பேனையை நீட்டினார். "அவளின்ரை பேரையும் சேர்த்து எழுதிவிடு."

"ஏறாத ஆளுக்கு எழுதினால் களவல்லோ அண்ணை" என்றேன். ஒரு வரியை வெறுமையாக விட்டேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். இந்த முறை பார்த்து எழுத உன் கொப்பி இல்லை. கொஞ்சம் கோணல்தான்.

பாணை உச்சியில் தின்னவில்லை. இறங்கி வந்து உன் கல்லில் இருந்து தின்றோம். சம்பலுக்கு உப்புக் கூட என்று அண்ணை குறை சொல்லத் தொடங்கினார். எட்டு மாதம் மூடிக் கிடந்த வாய்! உப்பில் தொடங்கி உன் சமையலுக்குப் போய், படகு வரும்வரை உன்னைப் பற்றியே கதைத்தார். படகில் ஏறும்போது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்:

"வாற வருசமும் வருவியோ?"

வாற வருசம். அந்தச் சொல்லை உனக்கு எத்தனை தரம் சொல்லி ஏமாற்றியிருப்பேன்? பாரிசுக்கு வந்து, ஆகஸ்டுக்கு விமானச் சீட்டு எடுத்துக் கையில் வைத்துக்கொண்டுதான் அவருக்கு "ஓம்" என்றேன். முழங்காலுக்குப் பட்டியும் வாங்கியாயிற்று. பிள்ளையார் தன்பாட்டில் வீதியைச் சுற்றட்டும். உன் புருசனை அந்தக் கல்லில் தனியே இருக்க விடமாட்டேன், இது சத்தியம். நம்பாவிட்டால் மேலே போய்க் கொப்பியைப் பார்.

உன் வரிக்குக் கீழே இருக்கும்
உன் மச்சாள்,
கிளி