ரபீக் பாயின் பழைய விமானப் போட்டியும் என் துப்பறிதலும்

என் அன்பு மாப்பிள்ளை, சாணார்பட்டி வானத்தின் சக்கரவர்த்தி அருளுக்கு,

நீ கண்ணை மூடிய இரண்டு வருடத்தில், நாம் ரிமோட் விமானம் விடும் பொட்டல் முழுக்க பேட்டரியில் பறக்கும் தெர்மாகோல் விமானங்கள் வந்துவிட்டன. அதனால் உன் பரம எதிரி ரபீக் பாய் போட்டியில் புதுப் பிரிவு தொடங்கினார். பழைய வரைபடத்தில் கட்டிய மர விமானம், எண்ணெய் எஞ்சின், பழைய குட்டிக்கரணங்கள். வேறெதற்கும் இடமில்லை.

எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. பத்து வருடம் உன்னிடம் தோற்று, திண்டுக்கல் குளமெல்லாம் நிரம்ப அழுத மனிதர், உன் மகளிடம் வந்து, "ஸ்டெல்லா, அப்பா பிளேனையும் போட்டியில எறக்கும்மா. எஞ்சினை நான் பாத்துத் தாரேன்" என்கிறார். எதற்கு? நீ கட்டியதில் மிச்சம் அது ஒன்றுதானே.

போட்டியன்று காலை, அவர் வீட்டிலிருந்து மூன்று வாரம் கழித்துத் திரும்பிய விமானத்தின் மூக்குக்கு நேரே குந்தினேன். ரிமோட் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். வலது இறக்கைத் தகடு அல்லவா எழ வேண்டும்? என் இடது கைப் பக்கம் எழுந்தது. சதியேதான். யாருக்கும் சொல்லாமல், ரிமோட்டில் திசை மாற்றும் குட்டிச் சுவிட்சைத் தட்டி முறியடித்தேன். எட்டு நாட்டு உளவுப்படை என்னிடம் பாடம் படிக்கலாம்.

ஸ்டெல்லா எஞ்சினைக் கிளப்பினாள். ரபீக் பாய் வால் பக்கம் வந்து நின்றார்.

"செத்த நேரம் பொறும்மா. குச்சியை வலது பக்கம் தள்ளு."

இடது தகடு எழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். காதருகே குனிந்தார்.

"சவரிண்ணே, மூக்குப் பக்கம் உக்காந்து பாத்தீகளா? அங்கன நமக்கு எடதுன்னா, பிளேனுக்கு வலது."

சுவிட்சைத் திருப்பித் தட்டிவிட்டு, "நாந்தான் மாத்தி வச்சுட்டேன் போல, மன்னிச்சிரும்மா" என்றார்.

அப்படியே ஏறியிருந்தால் முதல் திருப்பத்திலேயே விறகு. பிறகு கேட்டேன், "பழியை ஏன்யா ஏத்துக்கிட்டீரு?"

"அருள் பிளேனை வானத்துல வச்சு ஜெயிக்கணும்ணே. வெறகை ஜெயிச்சு என்ன பெருமை?"

ஜெயித்தும் விட்டார். நடுவர்கள் மூவரும் அவர் வீட்டுப் பிரியாணி சாப்பிட்டவர்கள் என்பதை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். நானும் சாப்பிட்டேன், இரண்டு தடவை.

ஆனால் இப்போது ஸ்டெல்லா, "பாயை இனிமே பிளேனைத் தொட விடக் கூடாது மாமா" என்கிறாள். என்னைத்தான் காவலுக்கு வைத்திருக்கிறாள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளை. பொட்டல் பக்கமே என்னைச் சேர்க்காமல் போனாலும் சொல்வேன்.

உன் மனைவியின் ஒரே அண்ணன்,
சவரி