ரிக் லாரி மஞ்சள்

அக்கா,

மிக்ஸி ஜாடியின் பிடி ஆடுகிறதென்று இன்று திருப்புளியை எடுத்தேன். முனையில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தது. உன் கிட்டாரின் கழுத்தைக் கழற்றிய திருப்புளி அது. பதறாதே, நான்கு திருகுதான். அலுங்காமல் திரும்ப மாட்டியும் விட்டேன். ஆனால் அந்த மஞ்சளைப் பார்த்த பிறகு சட்னி அரைக்க மனசில்லை. உன்னிடம் பேச உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே எனக்கு உத்தரவு போட்டாயே, நினைவிருக்கிறதா? "அதைக் கட்டிலுக்கு அடியில போட்டு வைக்காத. வாசிக்கிறவ கையில குடு. ஆனா சும்மா குடுத்துடாத, விலை சொல்லு. ஓசியில வந்ததை எவளும் மதிக்க மாட்டா." சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். எந்தக் கம்பெனி என்றே தெரியாத கிட்டாருக்கு நான் என்ன விலை சொல்வது?

தெரியாமல் போனதற்கும் நீதான் காரணம். ஏற்காட்டில் வெளிநாடு கிளம்பிய ஓர் இசை ஆசிரியரிடமிருந்து நீ அதை வாங்கியபோது நல்ல சிவப்பாக இருந்தது. தலையில் வாயில் நுழையாத ஒரு கம்பெனிப் பெயரும் இருந்தது; அது என் மனதில் நிற்கவில்லை. மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்திய பெரியப்பா அதைப் பார்த்து முகம் சுளித்தார். "பொம்பளப் புள்ள எலெக்ட்ரிக் கிட்டாரு வாசிக்கிறதே அதிகம். இதுல இந்தச் செவப்பு வேற. பீடத்துக்குப் பக்கத்துல கண்ணைக் குத்துது. அடங்குன கலரா மாத்திட்டு வா" என்றார். "சரிங்க பெரியப்பா" என்று நீ தலையாட்டினாய். நீ அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதுமே ஏதோ வம்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினாய். ரிக் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை. போர் போடும் வண்டிகள் வரிசையாக நிற்க, நடுவில் போய் நின்று, "இந்த மஞ்சள் வேணும்" என்று ஒரு லாரியைக் காட்டினாய். பெயிண்டர் அண்ணன் கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வண்டிக்கு அடிக்கறாப்புலயே அடிச்சுப் போடறேனுங்க" என்றார். சொன்னபடியே செய்தார். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, மஞ்சளும் அடித்தார். அதற்கெல்லாம் முன்பே, நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தலையில் இருந்த கம்பெனிப் பெயரையும் தேய்த்து எடுத்துவிட்டிருந்தார்.

நான் அலறினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனுங்க சாமி, பழைய பேரு இருந்தா வண்டி யாருதுன்னு எப்படிங்க தெரியும்? பெயிண்டுக்கு வந்தா மொதல்ல அதைத்தான் எடுப்போம். இப்ப என்ன பேரு எழுதோணுமுங்க?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு உன் பெயரைச் சொன்னாய். லாரி நெற்றியில் எழுதுவது போலவே, சிவப்பில் நிழல் வைத்து எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு பெரியப்பா அதற்கு வைத்த பெயர் மஞ்சச் சனியன். கடைசி வரை அதை அப்படித்தான் கூப்பிட்டார். நீயும் கடைசி வரை அதைத்தான் வாசித்தாய்.

கோவையில் பழைய கருவிகளுக்கு மதிப்புச் சொல்லும் ஒருவருக்குப் படங்கள் அனுப்பினேன். "கழுத்தைக் கழட்டிப் பாருங்க மேடம், பெயிண்ட் படாத எடத்துல முத்திரை இருக்கும்" என்றார். கழற்றினேன். முத்திரை இருந்தது. அதற்குக் கீழே, பெயிண்டர் அண்ணனின் கைக்கு எட்டாத குழியில், உன் பழைய சிவப்பும் இருந்தது. அழுதேன், அக்கா. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

ஜப்பானில் செய்த, இப்போது தேடினாலும் கிடைக்காத கிட்டாராம். உள்ளே ஒரு பாகம்கூட மாற்றப்படவில்லையாம். அவர் சொன்ன விலை நான் நினைத்ததைவிட மிக அதிகம். அதற்குப் பிறகுதான் இழுத்தார். "மேல லாரி பெயிண்ட்டுங்கறதால பாதிதான் போகும். ஒண்ணு செய்யலாம். சுரண்டிட்டுச் செவப்பு அடிச்சிடுவோம். அந்தப் பேரை அழிச்சிட்டு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், அச்சு அசலா கெடைக்குது. ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்று போனை வைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆள் எதிரில் இல்லாதது அவருடைய நல்ல நேரம்.

விளம்பரத்தை நானே எழுதினேன். மறுபூச்சு என்பதை முதல் வரியில் போட்டேன். பெயர் தேய்க்கப்பட்டது, முத்திரையும் அசல் சிவப்பும் கழுத்துக்கு அடியில் இருக்கின்றன என்று படத்தோடு போட்டேன். சுரண்ட நினைப்பவர்கள் கூப்பிட வேண்டாம் என்றும் எழுதினேன். விலை மட்டும் முழு விலை. மறுபூச்சு இல்லாத கிட்டாருக்கு அவர் சொன்ன அதே விலை.

நிறையப் பேர் சிரித்தார்கள். வந்தது ஒருத்திதான். புதுச்சத்திரத்துக்காரி, கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கிறவள். பெட்டியைத் திறந்ததும், "அட, ரிக் வண்டி மஞ்சளுங்க!" என்றாள். அரைமணி நேரம் வாசித்தாள். உன்னைப் போல இல்லை. ஆனால் தப்பு வந்த இடத்தில் நிற்காமல், அதை இன்னும் சத்தமாக வாசித்துக் கடந்தாள். எனக்குப் பிடித்துவிட்டது.

"நல்லாருக்குதுங்க அக்கா. பெயிண்டுக்குக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்களா?"

"அந்தப் பெயிண்டுக்குத்தாம்மா முழு விலை."

உன் பெயரைத் தடவிப் பார்த்தாள். யாரென்று கேட்டாள், சொன்னேன். அதற்கு மேல் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனாள். நீ சொன்னபடி விலை சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு கோயிலில் பெரியப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். குரல் மட்டும் தளரவே இல்லை. குழுவில் நான் பாட வாயைத் திறந்தாலே கையை அசைத்து அடக்குகிறவர் ஆயிற்றே. என்னைக் கண்டதும், "என்னம்மா, மஞ்சச் சனியன் ஒருவழியா போயிடுச்சாமே?" என்றார்.

"அது போயிடுச்சு பெரியப்பா. நான் இருக்கேன்" என்றேன்.

பூசை தொடங்க, வருகைப் பாடலை எடுத்தோம். அவர் கையை அசைத்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.