நீல நாடா

ஏதென்ஸ்
பொயத்ரோமியோன் மாதம், இருபதாம் நாள்

அன்புள்ள அக்கா லிசில்லாவுக்கு,

தங்கை மெலித்தா எழுதுவது. நானும் மகன் யூத்தியாஸும் நலம். என் வீட்டுக்காரர் கப்பல் சண்டையில் செத்துப்போன பிறகு, சந்தையில் நாடா விற்றுத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. மூன்று நாள் முன் நீ கடைக்கு வந்தாய். முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, "ஏம்மா, நீல நாடா இருக்கா?" என்று யாரோ போலக் கேட்டாய். அப்பா கல்லறைக்குக் கட்டத்தான் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். வேலைக்காரி கூட நின்றதால் நானும் வாய் திறக்கவில்லை. கோபமில்லை அக்கா. கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பங்காளிகள் விழாவில் யூத்தியாஸைக் குலத்தில் சேர்க்க வேண்டும். கொழுந்தனார் பலிக்கு ஆடு பிடித்துவிட்டார். தாயும் ஏதென்ஸ் குடிமகனின் மகள் என்று ஒருவர் சத்தியம் செய்தால்தான் சேர்ப்பார்கள். நான் யார் வீட்டுப் பெண் என்று சொல்ல அப்பா இல்லை. அத்தான் தேயோன் வந்து நின்றால் போதும். அதற்கு முன் டெமிட்டர் தேவிக்குப் பெண்கள் மட்டும் இருக்கும் நோன்பில் உன் பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வை.

உன் மெலித்தா


பொயத்ரோமியோன், இருபத்திரண்டு

அன்புத் தங்கைக்கு,

அத்திப்பழமும் மாவும் அனுப்பியிருக்கிறேன். காலிக் கூடையைக் கொல்லைப்புறமாகத் திருப்பிக் கொடுத்தனுப்பு. சந்தையில் உட்காராதே என்று எத்தனை தடவை சொல்வது! இவருடைய கூட்டாளிகளின் வீட்டுப் பெண்கள் அந்த வழியாகத்தான் போகிறார்கள். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. யூத்தியாஸ் விஷயத்தை இவர் காதில் போட்டுவிட்டேன். நோன்பில் நீ பின்பக்கமாக உட்கார். தப்பாக நினைக்காதே.

அக்கா லிசில்லா


பியானெப்சியோன், இருபத்தேழு

அக்கா,

விழாவில் பலிபீடத்துக்குக் கொண்டுபோன நம் ஆட்டை, யூத்தியாஸைச் சேர்க்கக் கூடாது என்று பங்காளி ஒருவர் பாதியிலேயே இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். "இவன் ஆத்தா நம்ம ஊர்க்காரியே இல்ல. திரேசிய அடிமை பெத்த பொண்ணு. நோன்புல எம் பொண்டாட்டி காதால கேட்டா" என்றாராம். கொழுந்தனார் வந்து சொன்னார். அத்தான் வரவே இல்லை. "அம்மா, நீ யாரு?" என்று என் பிள்ளை கேட்கிறான். நாளையோடு விழா முடிகிறது. இப்படி யார் சொன்னது அக்கா?

மெலித்தா


அன்று மாலை

மெலித்தா,

நான்தான் சொன்னேன்.

நோன்பன்று பசியோடு எல்லோரும் தரையில் தழை பரப்பி உட்கார்ந்திருந்தோம். கேலிப் பேச்சு தொடங்கியது. அந்த நேரத்தில் யாரை என்ன சொன்னாலும் கோபிக்கக் கூடாது, உனக்குத் தெரியும். ஒருத்தி உன்னைக் காட்டி, "லிசில்லா, அந்த நாடாக்காரிக்கு உன் மூக்கு எப்படிடி வந்துச்சு?" என்றாள். "எங்க வீட்டுத் திரேசிய ஆயா பெத்தது. எங்கப்பாவுக்குத் தாராள மனசு!" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேலிதானே என்று இத்தனை நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அது கேலி இல்லை. அவர்கள் நம்ப வேண்டும் என்றுதான் சொன்னேன். செத்துப்போன அப்பாவையும் சேர்த்து விற்றேன்.

இவரிடம் யூத்தியாஸ் விஷயத்தைச் சொன்னதாக எழுதியதும் பொய். இன்றுதான் இவர் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் முகத்தில் காறித் துப்பவில்லை, அதுதான் பாக்கி. நாளை காலை வந்து பலிபீடத்தின் முன் உனக்காகச் சத்தியம் செய்வார். வெட்கமாக இருக்கிறது மெலித்தா.

லிசில்லா


மைமாக்டெரியோன், பன்னிரண்டு

தங்கச்சி,

யூத்தியாஸ் பெயரைச் சேர்த்தாயிற்று, ஆட்டை வெட்டினார்கள் என்று இவர் வந்து சொன்னார். நீ ஒரு வரி எழுதவில்லை.

நேற்று வேலைக்காரியை வீட்டில் விட்டு, முக்காட்டை எடுத்துவிட்டுச் சந்தைக்கு வந்தேன். நோன்பில் சிரித்தவர்களில் இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றுதான் "தங்கச்சி!" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"வாங்கம்மா. என்ன நிறம் வேணும்?" என்றாய்.

நீலம் என்றேன். சுருட்டிக் கொடுத்தாய். வாங்கிக்கொண்டு நேரே அப்பா கல்லறைக்குப் போனேன். நீ கட்டிய புது நாடா அங்கே ஏற்கெனவே இருந்தது. அதன் பக்கத்தில் கட்ட எனக்குக் கை வரவில்லை. என்னுடையது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

உன் கூடப்பிறந்தவள்,
லிசில்லா