தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்

பெங்களூர் சிப் எஞ்சினியருக்கு,

இந்த ஞாயிறு வில்லியனூர் மாதா கோயிலில் உன் பெயரையும் நீ கட்டப்போகிறவள் பெயரையும் சேர்த்துக் கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். நான் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். "இன்னாடி, நம்ம வூட்டுல உங்கூட கம்ப்யூட்டரு முன்னாடியே குந்திக்கினு இருந்தானே, அவனா?" என்று அம்மா காதோரம் கேட்டாள். ஃபேன் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பெண் அழகாம். சந்தோஷம்.

நாம் சேர்ந்து எழுதிய பிராசசர் டிசைனை எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் போடலாம் என்று நான் சொன்னபோது, "இவ்ளோ வேகமானத சும்மா குடுப்பாங்களா, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினாய். இன்று பெரிய கம்பெனிகள் அதை வைத்து சர்வர் சிப் செய்கின்றன. செய்யட்டும், அதற்குத்தானே போட்டோம். எழுதியவர்கள் பெயரை நீக்கக் கூடாது என்பது ஒன்றுதான் நாம் கேட்டது. நேற்று நீ அந்த டிசைனுக்கு அனுப்பிய திருத்தத்தில், எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் மட்டும் இல்லை. கல்யாணத்துக்கு முன் வீட்டைப் பெருக்குகிறாய் போலிருக்கிறது.

டிசைன் இருக்கும் அந்த இணையதளத்திலும் ஓலை வாசிப்பார்கள், மறந்துவிட்டாயா? எந்தத் திருத்தத்தையும் சேர்க்கும் முன், ஆட்சேபம் உண்டா என்று எல்லோர் முன்னாலும் வைப்பார்கள்.

அடுத்த ஞாயிறும் கோயிலில் நான் வாய் திறக்கமாட்டேன். பயப்படாதே.

அங்கே என் ஆட்சேபத்தை எழுதிவிட்டேன், என் முழுப் பெயரோடு.

இப்படிக்கு,
நீ அழித்த வரி